தோளுக்கேற்ற துப்பாக்கி

செருப்புக் கடித்தால் காலைக் குறை கூறுவார் இல்லை. தையற்காரர் நம் தோளையும் கையையும் அளந்த பின்னரே துணியில் கத்தரியை வைக்கிறார். மண்வெட்டிக்குக் காம்பு போடுகிறவரும், அதைப் பிடிக்கப் போகிறவரின் உயரத்தைக் கண்ணாலேயே ஒருமுறை அளந்து கொள்கிறார். கருவி உடலுக்கு இசைய வேண்டும் என்பது உழைக்கும் மக்கள் அனைவரும் அறிந்த பாடம். துப்பாக்கிக்கும் இவ்வாறே ஆளுக்கு ஆள் அளவெடுப்பது உண்டு என்றால் நேயர்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது நுட்பம் மிக்க ஒரு தனிக் கைத்தொழிலாக வளர்ந்து வந்துள்ளது. அத்தொழிலின் வரலாற்றைக் காணுங்கால், யாருடைய தோளை உலகம் அளந்தது, யாருடைய தோளை அளக்காமல் விட்டது என்ற கேள்வியும் உடன் எழுகிறது. அவ்விரண்டையும் சேர்த்தே இங்கு நாம் நோக்குவோம்.

துப்பாக்கிக்கு மூன்று உறுப்புகள் முதன்மையானவை: குழல், வெடிக்கச் செய்யும் பொறி, இவ்விரண்டையும் தாங்கும் மரக்கட்டை. குழலும் பொறியும் இரும்பின் ஆட்சியில் உள்ளவை. கட்டையோ மனிதனைத் தொடுவது. அதன் பின்முனை தோளில் பதிகிறது. மேல் விளிம்பு கன்னத்தில் படிகிறது. கழுத்துப் பகுதியைக் கை பற்றுகிறது. ஆகவே, ஆளுக்குப் பொருந்துமாறு துப்பாக்கி செய்வது என்றால் பெரும்பாலும் கட்டையைப் பொருந்துமாறு செய்வது என்றே பொருள்.

அளவுகள் நான்கு. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம் முதலாவது. நடுத்தர உயரமுள்ள ஆடவருக்கு லண்டன் தொழிலாளர் இதனை ஏறத்தாழ 14½ அங்குலமாக வைப்பது வழக்கம். குழலின் மேற்கோட்டிலிருந்து கட்டை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்ற தாழ்வு இரண்டாவது. கட்டை வலப்புறமோ இடப்புறமோ எவ்வளவு விலகியிருக்கிறது என்ற சாய்வு மூன்றாவது. வலக்கைக்காரருக்குச் சற்று வலப்புறமும், இடக்கைக்காரருக்குச் சற்று இடப்புறமும் அது விலகி நிற்கும். கட்டையின் பின்முகம் தோளின் சரிவுக்கு ஏற்ப எந்தக் கோணத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பது நான்காவது. மார்பு அகன்றவர், கழுத்து நீண்டவர், கன்ன எலும்பு உயர்ந்தவர் என ஆள் மாறுந்தோறும் இந்நான்கும் மாறும். ஆடை மாறினாலும் நீளம் மாறும். பனிக்காலத்துக் கம்பளி அங்கி அணிந்தவருக்குச் சரியாக இருக்கும் கட்டை, மெல்லிய பருத்திச் சட்டை அணிந்தவருக்குச் சற்றுக் குட்டையாகவே படும்.

இவ்வளவு நுட்பம் தேவைதானா என்று கேட்கலாம். ரைபிளில் கண்ணுக்கருகே ஒரு குறியும் குழல் முனையில் மற்றொரு குறியும் உண்டு. இரண்டையும் இலக்கோடு ஒரே கோட்டில் நிறுத்தச் சிறிது அவகாசமும் உண்டு. பறக்கும் பறவையைச் சுடும் ரவைத் துப்பாக்கியிலோ முனையில் ஒரு சிறு மணியைத் தவிர வேறு குறி இல்லை. நின்று நோக்க நேரமும் இல்லை. சுடுகிறவரின் கண்ணே அங்குப் பின்குறியாகிறது. கட்டை கன்னத்தில் படும் இடம் தவறினால் கண் நிற்கும் இடம் தவறும். கண் தவறினால் குறி தவறும். கணக்கு எளிது. கண்ணுக்கும் குழல் முனைக்கும் இடையே ஏறத்தாழ 3 அடி. கண் உரிய இடத்திலிருந்து ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு விலகினால், 16 கஜத்தில் 1 அங்குலமும் 40 கஜத்தில் 2½ அங்குலமும் குறி விலகும். கால் அங்குலம் விலகினால் 40 கஜத்தில் 10 அங்குலப் பிழை. அத்தொலைவில் ரவைகள் பயன்படும் செறிவோடு பரவும் வட்டத்தின் விட்டத்தை 30 அங்குலம் என மதிப்பது மரபு. ஆகவே கன்னத்தில் நேர்ந்த கால் அங்குலப் பிழை பறவையை அவ்வட்டத்தின் ஓரத்திற்குத் தள்ளிவிடும். பொருந்தாத கட்டை குறியைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. வெடியின் பின்னுதைப்பைக் கன்னத்திலும் தோளிலும் தழும்பாக எழுதிவிடும்.

இக்கலை இந்தியாவிலோ ஐரோப்பாவிலோ துப்பாக்கி தோன்றிய அன்றே தோன்றிவிடவில்லை. நம் நாட்டில் துப்பாக்கியைத் தம் சொந்தப் பொருளாக மிக நுணுக்கமாகப் பேணிய மன்னர் பேரரசர் அக்பர். அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரி இதனை விரிவாகக் கூறுகிறது. துப்பாக்கி ஒவ்வொன்றிலும் அதன் எடை, இரும்பு வந்த இடம், செய்தவர் பெயர், செய்த ஊர், நாள் ஆகியவை பொறிக்கப்பட்டன. பேரரசர் தாமே சுட்டுச் சோதித்துத் தேர்ந்தவை தனிவரிசையில் வைக்கப்பட்டன. அவருடைய துப்பாக்கிகளில் முதலிடம் பெற்றதன் பெயர் சங்கிராம். 1568இல் இராஜஸ்தானத்துச் சித்தோர்கர் கோட்டை முற்றுகையில் தலைவர் ஜெய்மல் வீழ்ந்தது அத்துப்பாக்கியால்தான் என்று அபுல் ஃபசல் எழுதினார். இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. செய்துவைத்த பலவற்றுள் தமக்கு ஏற்றதை மன்னர் தேர்ந்தெடுத்தார் என்பதே நூல் தரும் செய்தி. ஒரு மனிதரின் உடலை முதலில் அளந்து அதன்பின் கட்டையைச் செதுக்கும் முறை பிற்காலத்தில் வேறோர் இடத்தில் வளர்ந்தது. அக்காலத்துத் திரித் துப்பாக்கி மெதுவாகவே தீப்பற்றும். பெரும்பாலும் நிற்கும் இலக்குக்கே அது உரியது. பறக்கும் பறவையைத் தொடரும் வேகம் அதற்கு இல்லை. வேகம் வந்த பின்னரே பொருத்தத்தின் தேவையும் வந்தது.

அவ்வேகம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வந்தது. 1787இல் லண்டன் தொழிலாளர் ஹென்றி நாக், மருந்து விரைந்து எரியும் வகையில் குழலின் அடிப்பகுதியைப் புதிதாக அமைத்து உரிமை பெற்றார். இதனால் நீண்டு கனத்த குழல் தேவையற்றதாயிற்று; துப்பாக்கி குறுகி இலேசாயிற்று; தோளுக்கு நொடியில் ஏறியது. இலேசான துப்பாக்கியைக் கொண்டு பறவையைப் பறக்கும்போதே சுடுவது செல்வர்களின் பொழுதுபோக்காக வளர்ந்தது. அவ்வேளையில்தான் ஜோசப் மான்டன் (1766-1835) என்ற பெரும் கைவினைஞர் லண்டனில் புகழ் பெற்றார். பலருடைய துப்பாக்கிகள் இலக்குக்குக் கீழே சுடுகின்றன என்பதைக் கண்ட அவர், இரட்டைக் குழல்களுக்கு இடையே ஓடும் இரும்புப் பட்டையைக் கண்ணருகே உயர்த்தி அமைத்து 1806இல் உரிமை பெற்றார். கண் உயர்ந்தது, அதனை ஈடுசெய்யக் குழல் முனையும் உயர்ந்தது. குறி தவறுவதற்குச் சுடுகிறவரை மட்டும் பழிக்காமல், கருவியைத் திருத்த முனைந்த முயற்சி இது.

மான்டன் 1826இல் கடனில் மூழ்கித் தொழிலை இழந்தார். ஆனால் அவரிடம் பணிபுரிந்தவர்கள் அக்கலையைக் காத்தனர். அவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் பர்டி. மான்டனின் பட்டறையில் கட்டை செதுக்கும் பிரிவில் தேர்ந்திருந்த அவர் 1814இல் தமக்கெனத் தொழில் தொடங்கினார். தாமஸ் பாஸ் என்பவரும் மான்டனிடம் பணிபுரிந்து தனித்தொழில் கண்டவரே. புகையிலை வாணிபத்திலிருந்து இத்தொழிலுக்கு வந்த ஹாரிஸ் ஹாலண்டு 1835இல் தம் நிறுவனத்தை நிறுவினார். இம்மூவர் பெயரும் தாங்கிய நிறுவனங்களே பின்னாளில் உலகெங்கும் அளவெடுத்த துப்பாக்கிக்கு இலக்கணமாயின.

அவர்களுடைய வேலைமுறையைச் சற்று நின்று காண்பது தகும். கட்டைக்கு அக்ரூட் மரமே சிறந்தது எனக் கொண்டனர். பல ஆண்டுகள் உலர்ந்த மரத்தில், கை பற்றும் இடத்தில் நார் நேராக ஓடும் துண்டைத் தேர்வர். அவ்விடத்தில் நார் குறுக்கே ஓடினால் பின்னுதைப்பில் கட்டை பிளக்கும். வாடிக்கையாளரை நிற்கவைத்து, வெறும் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றச் செய்து, எதிரே நின்று குழல்வழியே அவர் கண்ணை நோக்குவர். கண் பட்டைக்கு நேர் நடுவே தெரிகிறதா, அமிழ்ந்து மறைகிறதா, ஒருபுறம் ஒதுங்குகிறதா என்பதைக் கொண்டு அளவுகளைத் திருத்துவர். செய்து முடித்த கட்டை பொருந்தாவிட்டால், கழுத்துப் பகுதியில் சூடான ஆளிவிதை எண்ணெயை இடையறாது ஊற்றி மரத்தை இளக்கி, சிறிது சிறிதாக வளைத்துக் குளிரவிடுவதும் உண்டு. அவசரம் காட்டினால் மரம் முறியும். பொறுமை காட்டினால் மரம் பணியும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இதற்கெனவே தனிக் கருவி ஒன்று வந்தது. அதனை அளவுத் துப்பாக்கி எனலாம். அதன் கட்டையில் கீல்களும் திருகாணிகளும் இருக்கும்; நீளம், தாழ்வு, சாய்வு, பின்முகக் கோணம் ஆகிய நான்கையும் நின்ற இடத்திலேயே மாற்றலாம். வாடிக்கையாளர் சுண்ணாம்பு பூசிய இரும்புத் தகட்டை நோக்கி, நின்று குறிபாராமல், துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றியதும் சுடுவார். ரவைகள் பதிந்த வடுக்கள் குறியின் வலத்தில் விழுந்தனவா, கீழே விழுந்தனவா என்று கண்டு அளவெடுப்பவர் ஒரு திருகாணியைத் திருப்புவார். மீண்டும் சுடச்செய்வார். வடுக்கள் நடுவே கூடும்வரை இது தொடரும். முடிந்த அளவுகள் நிறுவனத்தின் ஏட்டில் ஏறும். தந்தையின் துப்பாக்கி மகனுக்கு வரும்போது, பழைய அளவைப் பார்த்துப் புதிய தோளுக்கேற்பக் கட்டையை மாற்றித் தருவர்.

இக்கலையின் மனிதநேயம் வெளிப்படுவது குறையுடையார் பொருட்டு அது செய்த பணியில்தான். வலக்கண் பார்வையை இழந்த ஒருவர் வலத்தோளிலேயே வைத்துச் சுட விரும்பினால், இடக்கண்ணுக்கு நேரே குழல் வருமாறு கட்டையைப் பெரிதும் வளைத்துச் செய்து கொடுத்தனர். தனித்துப் பார்த்தால் கோணலாகத் தோன்றும் அக்கட்டை, உரியவர் தோளில் ஏறியதும் நேராகிவிடும். ஒருவருக்குக் கோணல் மற்றவருக்கு நேர் என்ற உண்மையை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் அரிது.

இனி நாணயத்தின் மறுபக்கத்தைப் பார்ப்போம். லண்டனில் ஒருவருக்கு ஒரு துப்பாக்கி என்ற முறை செழித்த அதே காலத்தில், அமெரிக்காவில் அதற்கு நேர்மாறான முறை பிறந்தது. 1820ஐ ஒட்டி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தாமஸ் பிளான்சார்டு என்பவர் ஒரு கடைசல் இயந்திரத்தை அமைத்தார். முன்மாதிரிக் கட்டை ஒன்றின் மேடுபள்ளங்களைத் தடவிச் சென்று, அதே வடிவை மற்றொரு மரத்தில் அது செதுக்கியது. எத்தனை கட்டை செய்தாலும் அத்தனையும் ஓர் அச்சு. 1850களில் பிரிட்டிஷ் அரசு இத்தகைய அமெரிக்க இயந்திரங்களை வாங்கி என்ஃபீல்டு ஆயுதச்சாலையில் நிறுவியது. ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும் வசதி பிறந்தது. போர்க்களத்தில் பழுதுபார்க்க இது பேருதவி என்பதை மறுப்பதற்கில்லை. பெருஞ்சேனைகளுக்கு ஆளுக்கு ஆள் அளவெடுப்பதும் இயலாத காரியமே. ஆயினும் உறுப்பு உறுப்புக்குப் பொருந்திய அந்நாளில், துப்பாக்கி ஆளுக்குப் பொருந்துகிறதா என்று கேட்பார் இல்லாமற் போயிற்று. படைவீரர் தாமே வளைந்து கொடுத்துப் பழக வேண்டியதாயிற்று.

என்ஃபீல்டு என்ற பெயர் நம் நாட்டு வரலாற்றில் 1857ஆம் ஆண்டோடு பிணைந்தது. பல்லால் கடித்துத் திறக்க வேண்டிய அதன் தோட்டாவில் பசு, பன்றி ஆகியவற்றின் கொழுப்பு தடவப்பட்டதாகப் பரவிய செய்தி சிப்பாய்களின் உள்ளத்தைக் கொதிக்கச் செய்தது. அவ்வெழுச்சியின் காரணங்கள் பல. அவற்றை இங்கு நாம் ஆராயப் புகவில்லை. கருவியைக் கையாளப் போகிறவர் யார், அவர் உடலும் உள்ளமும் எத்தகையவை என்று எண்ணாமல் தொலைவிலிருந்து அனுப்பப்பட்ட பொருளாக அதனை நோக்கினால், நம் கட்டுரையின் பொருளுக்கும் அந்நிகழ்ச்சிக்கும் உள்ள உறவு விளங்கும்.

இராணுவமும் காலப்போக்கில் ஒரு பாடம் கற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த குறுகிய லீ-என்ஃபீல்டு ரைபிளில் பின்கட்டை தனித் துண்டாக அமைந்திருந்தது. அது இயல்பான நீளம், அதனினும் அரை அங்குலம் நீண்டது, அரை அங்குலம் குறுகியது, ஓர் அங்குலம் குறுகியது என நான்கு அளவுகளில் செய்யப்பட்டது. மிகக் குறுகியதற்குப் பாண்டம் என்று பெயர். அது சிறிய உருவமுள்ள ஒரு கோழி இனத்தின் பெயர். முதல் உலகப் போரில் உயரம் குறைந்தோரைக் கொண்டு அமைத்த படைப்பிரிவுகளுக்கும் அப்பெயரே வழங்கியது. வங்காளத்தில் கல்கத்தாவை அடுத்த இச்சாப்பூர் ஆயுதச்சாலையும் இவ்வகை ரைபிள்களைச் செய்தது. லண்டன் செல்வர் பெற்ற பொருத்தத்தோடு ஒப்பிட நான்கு அளவு சிறிதே. எனினும் படைவீரருக்கும் தனித்தனித் தோள் உண்டு என்பதை ஒப்புக்கொண்டமை ஒரு முன்னேற்றம்தான்.

அளவெடுத்த துப்பாக்கி இந்தியாவுக்கு வந்தது சமஸ்தானாதிபதிகளின் வழியே. லண்டன் நிறுவனங்களின் பெரிய வாடிக்கையாளர்களாக நம் மகாராஜாக்கள் விளங்கினர். மான்டன் குடும்பத்தின் பெயர் தாங்கிய கடை கல்கத்தாவிலும் இருந்தது. கடல்கடந்து செல்ல இயலாதவர்கள் தம் உடலளவுகளை எழுதியனுப்பியும், தமக்குப் பழகிய துப்பாக்கியின் அளவுகளைக் குறித்தனுப்பியும் புதியன செய்வித்தனர்.

இவர்களுள் மறக்கவொண்ணாதவர் பஞ்சாபின் கடைசிச் சீக்கிய மன்னர் துலீப் சிங். 1838இல் பிறந்து, ஐந்தாம் வயதில் அரியணை ஏறி, 1849இல் பிரிட்டிஷார் பஞ்சாபை இணைத்தபோது நாட்டை இழந்தவர். 1854இல் இங்கிலாந்து சென்ற அவர், பின்னர் சஃபோக் மாவட்டத்தில் எல்வெடன் என்ற பண்ணையை வாங்கி வாழ்ந்தார். அந்நாட்டின் தலைசிறந்த வேட்டைக்காரருள் ஒருவராக எண்ணப்பட்டார். பர்டி நிறுவனம் அவருக்குத் துப்பாக்கிகள் செய்து கொடுத்தது. 1886இல் தாயகம் திரும்பப் புறப்பட்ட அவரை ஏடனில் தடுத்து நிறுத்தினர். 1893இல் பாரிஸ் நகரில் காலமானார். அவருடைய தோளின் அளவை லண்டன் ஏடு நுணுக்கமாக அறிந்திருந்தது. அத்தோள் தாங்கியிருக்க வேண்டிய நாடோ அவரிடம் இல்லை. மிகப் பொருத்தமான கட்டையும் மிகப் பொருந்தாத வாழ்வும் ஒருவரிடமே சேர்ந்திருந்தமை வரலாற்றின் கொடுமை.

மற்ற இந்தியருக்கோ 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கு அத்தடையிலிருந்து விலக்கு இருந்தது. சுதந்திர இந்தியா அச்சட்டத்தை நீக்கி 1959இல் புதிய சட்டம் இயற்றியது. அரசர்களும் அதிகாரிகளும் குறிதவறாத துப்பாக்கிகளோடு காட்டில் நிகழ்த்திய வேட்டையின் விளைவையும் நாம் மறைத்தல் ஆகாது. காடுகள் அழிந்ததோடு வேட்டையும் சேர்ந்தது. இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுவிட்டதென 1952இல் அரசு அறிவித்தது. 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து அவ்விலங்கைக் கொண்டுவந்து மீண்டும் குடியமர்த்தத் தொடங்கினர். 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழைய வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

வேட்டை ஓய்ந்தபின் இக்கலை விளையாட்டுத் திடலில் புகலிடம் கண்டது. களிமண் தட்டுகளை வானில் எறிந்து சுடும் போட்டியில், பறவையைச் சுடுவதற்கு வேண்டிய அதே பொருத்தம் வேண்டும். பீகானேர் மகாராஜா கர்ணி சிங் 1962இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். 2004இல் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் ஏதென்ஸில் வெள்ளி வென்றார். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்திரா 10 மீட்டர் காற்று ரைபிள் போட்டியில், தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் இந்தியரானார். இன்றைய போட்டி ரைபிளைக் கண்டால், முன்னாளைய அளவுத் துப்பாக்கியே வளர்ந்து வந்து நிற்பதாகத் தோன்றும். கன்னம் படியும் பலகை, தோளில் பதியும் தகடு, கைப்பிடி ஆகிய யாவற்றையும் திருகாணிகொண்டு நகர்த்தலாம். கைத்துப்பாக்கியின் மரப்பிடியையும் விரல்களின் மேடுபள்ளத்திற்கு ஏற்பச் செதுக்குகின்றனர்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்குத் தனி மகிழ்ச்சி தரும் செய்தியும் இவ்வரலாற்றில் உண்டு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் காற்று ரைபிள் பிரிவில் தங்கம் வென்றார்; பின்னர் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளிலும் நாட்டின் சார்பில் பங்கேற்றார். ஒரு காலத்தில் மகாராஜாக்களின் தோளுக்கு மட்டுமே கிட்டிய பொருத்தம், இன்று குஜராத்தில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்ணின் தோளுக்கும் கிட்டியிருக்கிறது. திருகாணி செய்த சமத்துவம் என்று இதனைக் கூறினால் மிகையாகாது.

தில்லியில் தேசிய அருங்காட்சியகத்திற்கோ, ஐதராபாத்தில் சாலார் ஜங் அருங்காட்சியகத்திற்கோ, ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டைக்கோ விடுமுறை நாளில் குழந்தைகளோடு செல்லும் அன்பர்கள், ஆயுதங்கள் வைத்துள்ள கூடத்தில் சற்று நிற்பார்களாக. பொன்வேலையும் தந்தவேலையும் கண்ணைப் பறிக்கும். அவற்றைக் கண்டபின் கட்டையையும் ஒருமுறை நோக்குக. அதன் நீளத்தையும் தாழ்வையும் சாய்வையும் கொண்டு அதனை ஏந்தியவர் நெடியவரா குறியவரா, வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என ஒருவாறு ஊகிக்கலாம். எல்லாருக்கும் ஓரளவாகச் செய்த கட்டையானால், அதனைச் சுமந்தவர் யாரென்று அது சொல்லாது. மனிதரை அளந்து கருவியைச் செய்வதற்கும், கருவியைச் செய்துவிட்டு மனிதரை அதற்குள் திணிப்பதற்கும் உள்ள வேறுபாடு அம்மரத்துண்டில் பதிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பலகையானாலும், தொழிற்சாலை இயந்திரமானாலும், அரசாங்கத்தின் சட்டமானாலும், செய்கிறவர் முதலில் நோக்க வேண்டியது அதனைத் தாங்கப் போகும் தோளையே.